ரசனையைக் கற்றுத்தர முடியுமா?

1920-இல் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. அனுப்பியவர் சுப்பிரமணிய பாரதி. தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு போய்ச் சேரும்படி விற்பது என்பது திட்டம். முதலுக்கு நண்பர்கள் கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தார். மொத்தம் 4 லட்சம் பிரதி! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே சொற்பமாக இருந்த காலம் அது. பணம் வரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் பாரதியும் போய்விட்டார்.

கடையத்தின் அதே மலையடிவாரத்தைச் சேர்ந்த இன்னொருவர், கிட்டத்தட்ட அதே காலத்தில், இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினார். தென்காசிக் குடும்பம், வக்கீலுக்குப் படித்தும் கோர்ட்டில் மனம் ஒட்டாதவர். அவரிடம் சுற்றறிக்கை இல்லை, அச்சகக் கணக்கு இல்லை. ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு, அதைக் கேட்க ஒரு பத்துப்பேர், அவ்வளவுதான் ஏற்பாடு. டி.கே. சிதம்பரநாத முதலியார் என்ற அவரை ரசிகமணி என்றும் டி.கே.சி. என்றும் ஊர் சொல்லும்.

'நம் ஜனங்கள் எங்கே படிக்கிறார்கள்' என்ற புலம்பல் புத்தகக் கண்காட்சி மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறது. இந்தப் புலம்பலுக்குத் தென்காசி, குற்றால வட்டாரம் நூறு வருஷமாக இரண்டு விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. புத்தகத்தை எல்லோர் கைக்கும் எட்டச் செய்வது ஒன்று. ஒருவர் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுவை காட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே இங்கே நோக்கம். 2019 நவம்பர் 22 வரை தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. எனவே நெல்லைச் சங்கதிகளும் கலந்துதான் வரும். பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

டி.கே.சி. (1882–1954) வாழ்க்கையில் பதவிகளும் உண்டு. சென்னைச் சட்டமேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930-களின் முற்பகுதியில் இந்து அறநிலைய ஆணையராக இருந்தார். அவற்றை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவில் நிற்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டி முற்றம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். தலைவர், செயலாளர், தீர்மானம், நன்றியுரை ஒன்றும் கிடையாது. இலக்கியக் கூட்டம் என்றாலே பொன்னாடையும் மைக்கும் என்று பழகிவிட்ட நமக்கு இதை நம்பவே சற்றுச் சிரமம். பின்னாளில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தபோது வட்டமும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், ஊர் பேர் தெரியாத இளைஞர்களும் வந்தார்கள். குற்றால முனிவர் என்று அவரைச் சொல்வதுண்டு. விருந்தோம்பலைப் பார்த்தால் அந்த முனிவர் பெரிய சம்சாரி. அவர் வீட்டு இலையில் உட்கார்ந்தவர்கள் கவிதையோடு சேர்த்துத் தோசையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே நடந்ததை வகுப்பு என்று சொன்னால் அவருக்கே பிடித்திருக்காது. ஆனாலும் அதில் தெளிவான ஒரு முறை இருந்தது. அதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

முத்தொள்ளாயிரம் என்ற பழைய நூலில் இன்று நமக்குக் கிடைப்பது நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள்தான். அவையும் புறத்திரட்டு என்ற தொகைநூலின் புண்ணியத்தில் தப்பியவை. அதற்கு டி.கே.சி. எழுதிய உரை 1943-இல் வெளிவந்தது. அந்த நூலில் ஒரு பாட்டு. சேர மன்னன் வீதியில் பவனி வருகிறான். அவனைப் பார்க்க வீட்டுக்கு வீடு பெண்கள் கதவைத் திறக்கிறார்கள். தாய்மார் அடைக்கிறார்கள். மறுபடி திறக்கிறார்கள், மறுபடி அடைக்கிறார்கள். கடைசியில் கதவின் குடுமி தேய்ந்தே போயிற்று. பாட்டின் விஷயம் இவ்வளவுதான்.

இதைப் பள்ளிக்கூடத்தில் எப்படி நடத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். முதலில் அருஞ்சொற்பொருள், பிறகு இலக்கணக் குறிப்பு, பிறகு நேரிசையா இன்னிசையா என்ற விசாரணை. பாட்டு கடைசிவரை வராது; மணி அடித்துவிடும். டி.கே.சி.யின் எழுத்தைப் படித்தவர்களுக்கு அவர் போகிற பாதை தெரியும். அவர் பாட்டை முதலில் எடுக்கமாட்டார். கதவிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் காலத்துக் கதவுக்கு இரும்புக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் துருத்திக்கொண்டிருக்கும் மரக் குடுமி குழியில் நின்று சுழலும். தென்காசிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்போதும் இருக்கிறது. வேகமாகத் திறந்தால் ஓர் அழுகைச் சத்தம் போடும். அந்தக் குடுமி தேயவேண்டுமானால் எத்தனை நாள், எத்தனை தடவை திறந்து மூடியிருக்க வேண்டும்? ராஜா ஒருநாள் வந்தானா, தினம் வந்தானா? தாய்க்காரிக்கு என்ன பயம்? இப்படிப் பேச்சுத் தமிழில், நாமும் அந்தத் தெருவில் நிற்கிறாற்போல ஆனபிறகு, பாட்டு வரும். சந்தி பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேகமாய்ப் போகவேண்டிய இடத்தில் வேகமாய். அப்புறம் இன்னொரு தரம். உரை சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. அவருடைய 'இதய ஒலி' கட்டுரைகளின் வாகும் இதுதான்: காட்சி முன்னால், பாட்டு பின்னால்.

இதில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது. கவிதை காதால் உள்ளே நுழைகிற பொருள். கண் அதற்குப் பிறகுதான். அச்சுப் புத்தகம் வெண்பாவை நாலு வரியில் அடைத்து, சொற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, நம்மைப் பயமுறுத்திவிட்டது. அந்த ஒட்டை அவிழ்த்ததே டி.கே.சி. செய்த முதல் உபகாரம்.

அதே 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். கவிஞர் பெயர் போடாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் பாட்டின் நேர்ப்பொருளையே பிடிக்கத் தவறினார்கள். பெயரைச் சொன்னால் பாராட்டியிருக்கக்கூடியதைத் திட்டினார்கள். 1929-இல் அவர் அதைப் புத்தகமாக்க, அதன் மேல் ஒரு விமர்சனப் பள்ளியே எழுந்தது. வண்ணார்பேட்டைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் கண்டது ஒரே நோயை: பட்டம் வாங்கியவனுக்குப் பாட்டுப் படிக்கத் தெரியவில்லை. ரிச்சர்ட்ஸ் பரிசோதனைச்சாலை வழியில் மருந்து தேடினார். டி.கே.சி. நட்பின் வழியில் தேடினார்.

அந்த நட்பு ஊர் தாண்டிப் போனது கடிதங்களில். மனிதர் ஓயாத கடிதக்காரர். அவர் மறைந்தபின் நண்பர்கள் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார்கள். அருவியில் தண்ணீர் எப்படி, சாரல் தொடங்கிவிட்டதா, யார் வந்து போனார்கள், நேற்று எந்தப் பாட்டு மனசை விட்டுப் போகவில்லை என்று பேச்சு ஓடும். இலக்கியம் ஒரு பாடமாக வராது. சாப்பாடு, மழை, சங்கீதம் இவற்றின் நடுவில் அதுவும் ஒன்றாக வரும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டைத் தமிழ்நாடு அறியச் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலையிலும் மேடைக்குச் சமமாகக் கடிதம் உழைத்தது. பொது வாசகருக்கு எழுதும்போது வருகிற விறைப்பு, பேர் தெரிந்த ஒருவருக்கு எழுதும்போது வருவதில்லை. படிக்கிற நமக்கும் 'இது எனக்குச் சொல்லப்பட்டது' என்ற உணர்ச்சி வந்துவிடுகிறது.

விளைச்சல் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், வெறும் இனிய பேச்சென்றால் இத்தனை வருஷம் கழித்து எழுத என்ன இருக்கிறது? வருவாய்த்துறை அதிகாரியாக இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அந்த வட்டத்தின் பிள்ளை. 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று கோயில் கோயிலாகப் போய் எழுதியவர். தஞ்சைக் கலைக்கூடம் உருவானதில் முன்நின்றவர். கேட்பாரற்றுக் கிடந்த சிலையைப் பார்த்து நிற்கக் கற்ற கண், பாட்டைக் கேட்டு நிற்கக் கற்ற காதிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். நீதிபதி எஸ். மகராஜன் ஹாம்லெட்டையும் லியர் மன்னனையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மீ.ப. சோமு வானொலிக்குப் போனார். 'அக்கரைச் சீமையிலே' பயணநூலுக்கு 1962-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். இளைஞர்களாக இருந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்த வெளிச்சத்தில் கொஞ்சம் நின்றவர்கள்தாம். பொதுவாகவே இந்த வட்டத்திலிருந்து பேராசிரியர்களைவிட, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆயுசு முழுக்கப் படித்தவர்கள் அதிகம் வந்தார்கள். வாசிப்பை ஊக்குவிப்பது என்ற காரியத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இனி மறுபக்கம். டி.கே.சி.யைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கம்பராமாயணத்தில் 10,000-க்கு மேல் பாடல்கள் உண்டு. அதில் பெரும்பகுதி கம்பன் வாக்கில்லை, இடைச்செருகல் என்பது டி.கே.சி.யின் முடிவு. தமக்குச் சரியாக ஒலிக்காதவற்றைத் தள்ளினார்; சில இடங்களில் சொல்லையே மாற்றினார். கம்பன் இப்படிப் பாடியிருக்கமாட்டான் என்பதே அதற்கு ஆதாரம். அதாவது அவருடைய காது. இதே திருநெல்வேலியில் சிலகாலம் வக்கீலாக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை வேறு ஜாதி மனிதர். ஏட்டுச் சுவடிகளை வரிசையாக வைத்து, பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டு, ரசம் இருக்கிறதோ இல்லையோ சுவடி சொல்வதை நம்பியவர். பதிப்பு என்று வந்தால் வையாபுரிப் பிள்ளை பக்கம்தான் நிற்க வேண்டும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ரசனை சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. நல்ல ரசிகனிடம் படிப்பதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது: அவன் ருசியே அளவுகோல் ஆகிவிடும், சீடர்கள் அதைத் தாண்டி நாக்கை நீட்டமாட்டார்கள்.

ஆனாலும் ஒன்று. பண்டித உரைகளின் பாரத்தில் கம்பன் அமுங்கிக் கிடந்த காலத்தில், பத்திரிகை படிக்கும் சாதாரண வீட்டுக்குள் அவனைக் கொண்டுபோய் விட்டது 'கல்கி' இதழில் வந்த டி.கே.சி.யின் தொடர். கம்பனைப் பதிப்பிக்க அவரிடம் போகாதீர்கள், கம்பனைக் கேட்க அவரிடம் போங்கள் என்று சொன்னால் நியாயமாக இருக்கும்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. தொட்டியில் யார் உட்கார்ந்தார்கள்? வக்கீல், தாசில்தார், ஆசிரியர், நீதிபதி, பத்திரிகாசிரியர். பெண்கள் குரல் அந்தப் பதிவுகளில் அரிதிலும் அரிது. சேரிக்கும் தொட்டிக்கும் நடுவில் எத்தனை கதவு இருந்தது என்று எண்ணினால் முத்தொள்ளாயிரக் கதவு ஒன்றுமில்லை. 1943-இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா.பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் மறுபக்கமுமாக மேடைகள் சூடாயின. அந்த நூல் யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்பது அங்கே கேள்வி. பாட்டு அருமை என்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. பாஸ்கரத் தொண்டைமானுக்கே தம்பி சிதம்பர ரகுநாதன்; அவர் மார்க்சியராகி, புதுமைப்பித்தனின் வரலாற்றை எழுதி, இலக்கியத்தை வர்க்கத்தின் கண்ணால் பார்த்தார். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே நடந்த விவாதம் இது.

கொஞ்சம் விலகி, தென்காசிக் கோயில் வாசலுக்கு ஒரு நடை போய்வரலாம். காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே தமிழ்ப் பாட்டுகளைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதும் பழுது வந்து, அதை யார் திருத்தினாலும் அவர்களை இப்போதே வணங்கிக்கொள்கிறேன் என்பது ஒரு பாட்டின் கருத்து. முகவரி தெரியாத ஒருவருக்கு ராஜா எழுதிய கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடிதம் போய்ச் சேர்ந்தது. சிதைந்து மொட்டையாக நின்ற கோபுரம் சிவந்தி ஆதித்தனார் முயற்சியில் எழும்பி 1990-இல் குடமுழுக்குக் கண்டது. இன்று அந்த வாசலில் வீசுகிற காற்றை ரசிக்கத் தினம் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். கல்லைத் திரும்பிப் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று நின்று கவனித்தால் மனசு கஷ்டப்படும். எழுத்து பொது இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. 'இதைப் பாரும் வே' என்று தோளைத் தொட்டுத் திருப்ப ஒரு ஆள் வேண்டும்.

குற்றாலத்துக்கே அப்படி ஆளைத் திருப்புகிற குணம் உண்டு. ஜூன் பிறந்தால் சாரல். சீசனுக்கு வந்தவன் குளித்து, சாப்பிட்டு, மறுபடி குளிக்கும்வரை பேசத்தானே வேண்டும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த மலையை வைத்தே குறவஞ்சி பாடினார்; 1944-இல் கலாக்ஷேத்திரா அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. டி.கே.சி.க்குப் பல வருஷம் கழித்து, பக்கத்து இடைகாலில் வாழும் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் 'பதிவுகள்' என்ற கவிதைச் சந்திப்புகளை நடத்தினார். வெவ்வேறு முகாம்களைச் சேர்ந்த புதுக்கவிஞர்கள் ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்து கவிதையைப் பிரித்துப் பேசினார்கள். சண்டையும் போட்டார்கள்; வட்டத்தொட்டியில் இல்லாத காரம் இங்கே இருந்தது, அது நல்லதே. இந்தப் பக்கத்துக் கவிஞர் விக்ரமாதித்யனைத் தமிழகம் முழுக்க இளைய கவிகள் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். ஐயா, சார் எல்லாம் மேடைக்கு. அண்ணாச்சி என்றால் பக்கத்தில் உட்காரலாம் என்று பொருள்.

கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்கு அஞ்சலட்டை இருந்தது. 1879 ஜூலையில் காலணாவுக்கு அறிமுகமான அந்தத் துண்டு அட்டைக்குத் தமிழ் இலக்கியம் பட்டிருக்கிற கடனை இன்னும் யாரும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. ராஜவல்லிபுரத்தில் பிறந்த வல்லிக்கண்ணன் (1920–2006), முதல் கதை எழுதிய பையனுக்கும் பதில் போட்டார். சிற்றூரிலிருந்து வந்த பத்துப் பக்கக் கையெழுத்துப் பத்திரிகையையும் முழுக்கப் படித்துக் கருத்து எழுதினார். 'தாமரை' இதழை நடத்திய தி.க.சி. என்கிற தி.க. சிவசங்கரன் (1925–2014) திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் தெரு வீட்டிலிருந்து கடைசிக் காலம்வரை கார்டு எழுதிக்கொண்டிருந்தார். இன்ன இதழில் இன்னார் கதை வந்திருக்கிறது, உடனே படியுங்கள், படித்துவிட்டு எழுதியவருக்கும் ஒரு வரி போடுங்கள் என்கிற தினுசு. அட்டையில் இடம் கொஞ்சம். அதனால் விமர்சனக் கோட்பாடு எழுத முடியாது. எந்தக் கதை, எந்த இடம், ஏன் பிடித்தது என்று நேரே போகவேண்டும். அந்த நெருக்கடியே அதற்கு ஒரு உரைநடையைக் கொடுத்தது. தி.க.சி.யின் மகன் வண்ணதாசனின் கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று தொகுப்பானபோது கதைகளுக்குச் சமமாக வாசிக்கப்பட்டன. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி. ராஜநாராயணன் பதிப்பித்தார், அவற்றில் சங்கீதத்துக்கு உள்ள இடத்தைப் பார்த்தால், அவர்கள் ஊரான இடைசெவலின் கரிசலுக்கும் குற்றாலச் சாரலுக்கும் நடுவில் ஓடிய கம்பி கண்ணுக்குத் தெரியும்.

டி.கே.சி.யின் கடிதத்துக்கும் தி.க.சி.யின் கார்டுக்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னது தெரிந்த நண்பருக்கு, ஒரே கவிதையை நூறு தரம் சுவைப்பதற்கு. பின்னது முகம் தெரியாத கிராமத்துப் பையனுக்கு, நேற்று வெளிவந்ததை இன்றே படிப்பதற்கு. தொட்டியின் சுவர் இங்கே கொஞ்சம் இடிந்தது. ஓர் அஞ்சலட்டைச் செலவில் இடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் தனிமனிதர் முயற்சி. பாரதியின் தீப்பெட்டிக் கனவு என்னாயிற்று? அதை வேறு வழியில் நிறைவேற்ற முனைந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1928-இல் சென்னை நூலகச் சங்கம். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டி நூலகம். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற ஏற்பாடு அதிலிருந்து வந்தது. ஊருக்கு ஊர் கிளை நூலகம் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது இந்தியாவின் பல மாநிலங்களில் இன்னும் கனவு. டி.கே.சி.யை வியந்துகொண்டே இதை மறந்தால் நன்றிகெட்டதனம். வட்டத்தொட்டியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அந்த நூலகப் பெஞ்சில் இடம் கிடைத்தது. ஆனால் பெஞ்சுக்கு வந்தவனிடம் எதை எடு, எப்படிப் படி என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அவன் தினத்தாளோடு எழுந்து போய்விடுகிறான். போட்டித் தேர்வு வழிகாட்டிகளே அலமாரியில் அதிகம் தேய்கிற புத்தகங்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வேலை வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு வழியும் ஒரு காலத்தில் சந்தித்தன. 1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைச் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், தபால் துறையில் வேலை பார்த்தவர் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்' என்று எழுதியிருக்கிறார். இரவு, தெருவிளக்கு, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் என்ன படிக்கக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. பாடப் புத்தகம் அலுத்தது. கதை எடுபட்டது. பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன, சத்தமாக வாசிக்கப்பட்டன. கேட்டவர்கள் பதிலுக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். டி.கே.சி. பெயரை அங்கே யாரும் உச்சரித்திருக்கமாட்டார்கள். நடந்தது அவர் முறைதான்: காட்சி, குரல், மறுபடியும் ஒரு தரம். உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் வேறு.

கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றுகிற பெண்கள் ஏராளம். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, ஒரு மூலையில் தூள். கை தானாக ஓடும், கண்ணுக்கு அதில் அதிக வேலையில்லை, காதுக்குச் சுத்தமாக வேலையில்லை. கியூபாவில் இதே நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே வாசிப்பாளர் என்று ஒருவர் உயர்ந்த மேடையில் உட்கார்ந்து, வேலை நேரத்தில் செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். சம்பளம் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து போட்டுக்கொடுத்தது. எந்த நாவல் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். டூமாவின் நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதில் மாண்டே கிறிஸ்டோ என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது. நம் பக்கத்தில் பீடி வேலை தொழிற்சாலையில் நடப்பதில்லை, வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. கூட்டமாகக் கூலி போட்டு வாசிப்பாளர் வைக்க வழியில்லை. அந்தக் காதுகளை வானொலி சிலகாலம் நிரப்பியது, இப்போது டிவித் தொடர் நிரப்புகிறது.

பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னக் கதைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. மெலிந்த புத்தகங்கள், நல்ல படங்கள், ஒரு மூச்சில் முடிக்கலாம். தென்காசியில் பொதிகை புத்தகத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து இறக்குகிறார்கள். இரண்டையும் வரவேற்கிறேன். திருவிழா மேடைப் பேச்சாளர்களின் நகைச்சுவையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, யாராவது ஒரு கதையையாவது முழுசாக வாசித்துக் காட்டலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு. புத்தகத்தைப் பற்றிப் பேசிப் பேசியே புத்தகத்தைத் திறக்காமல் கலைகிற கூட்டங்கள் நம்மிடம் அதிகமாகிவிட்டன.

தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: முடியும், ஆனால் பாடத்திட்டமாக்கி அல்ல. டி.கே.சி. தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று வாதாடியவர். தமிழே வந்தபிறகும் செய்யுள் மனப்பாடப் பகுதியாகவும் நோட்ஸாகவும் உறைந்துபோனதைப் பார்த்திருந்தால் மறுபடியும் குற்றாலத்துக்கே திரும்பியிருப்பார். ஒரு தமிழாசிரியர் செய்யக்கூடியது சின்ன மாற்றம்தான். பொருள் எழுதிப்போடுவதற்கு முன்னால் பாட்டை இரண்டு தரம், சந்தி பிரித்து, நிதானமாக வாசித்துக் காட்டலாம். கரும்பலகையை அதற்குப் பிறகு தொடலாம். மார்க் கெடாது. வாசிப்பு இயக்கப் புத்தகம் ஒன்றைப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போகவும் விடலாம். தொலைந்துவிடும் என்ற பயத்தில் அவற்றைப் பூட்டிவைக்கிற பள்ளிகள் இருக்கின்றன, சில தொலையட்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை 'நட' புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா முப்பது பீடி சுற்றிவிடுவாள், கதையும் கேட்டுவிடுவாள், நடுவில் இரண்டு இடத்தில் பிள்ளையைத் திருத்தவும் செய்வாள்.